லோடு வண்டியில் மீன்கூடையோடு போனவர்: ஒரு சாலை விபத்து இழப்பீட்டு வழக்கின் முழு ஆய்வு

உச்சிப்புளியைத் தாண்டி ராமநாதபுரம் நோக்கி, தேசிய நெடுஞ்சாலை 87-இல் ஒரு குட்டியானை, அதாவது சிறிய லோடு வண்டி, வருகிறது. ஆடி அமாவாசைக்கு முந்தின நாள், காலை ஆறே முக்கால் மணி. மண்டபம் கரையில் ஏலம் எடுத்த ஒன்பது கூடை மீன் பின்னால் இருக்கிறது: சூடை, காரல், கொஞ்சம் நகரை. வண்டியில் நான்கு பெண்கள். ஒருவர் டிரைவருக்குப் பக்கத்தில் கேபினில் உட்கார்ந்திருக்கிறார். மூவர் பின்னால், கூடைகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளின் மேல். எதிரே ராமேசுவரம் போகும் சுற்றுலா வேன் ஒன்று லாரியை முந்த முயன்று வலப்பக்கம் ஏறி வருகிறது. குட்டியானை டிரைவர் வேகத்தைக் குறைக்காமல் இடப்பக்கம் ஒடிக்கிறார். வேனின் பக்கவாட்டுப் பகுதி குட்டியானையின் பின்பாடியில் உரசுகிறது. குட்டியானை மண்ணில் இறங்கிக் கவிழ்கிறது. பின்னால் இருந்த மூவரில் 43 வயதுப் பெண் ஒருவருக்கு வலது முழங்கால் மூட்டுக்குக் கீழே எலும்பு நொறுங்குகிறது.

இந்தப் பெண்ணும் விபத்தும் தொகைகளும் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் அப்படியல்ல. அவை நடைமுறையில் உள்ளவை. மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று இந்தக் கரையில் மீன் வாங்கி விற்கிற பெண்கள் தினமும் இப்படித்தான் பயணம் செய்கிறார்கள். தண்ணீர் சொட்டும் கூடையோடு பஸ்ஸில் ஏறுவது எளிதல்ல. தனி வண்டி பிடித்தால் கட்டுபடியாகாது. நாலு பேர் சேர்ந்து கூடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசிப் போகிறார்கள். விபத்து நடந்த பிறகுதான், வண்டியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம் என்பது லட்சக்கணக்கில் விலை வைக்கும் கேள்வியாகிறது.

கேபினில் இருந்தவரும் பின்னால் இருந்தவரும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 147-ஆவது பிரிவு, சரக்கு வண்டியில் பயணிப்பவர் எல்லாரையும் கட்டாயக் காப்பீட்டுக்குள் கொண்டுவரவில்லை. 1994 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒரே ஒரு வாசலைத் திறந்தது. வண்டியில் ஏற்றப்பட்ட சரக்கின் சொந்தக்காரர், அல்லது அவர் அனுமதித்து அனுப்பிய ஆள், சரக்கோடு பயணித்தால் காப்பீடு உண்டு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிக்கொண்டவருக்குக் கட்டாயக் காப்பீடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் தெளிவாக்கியது.

மீன்காரப் பெண் ‘சும்மா ஏறியவர்’ இல்லை. ஏலத்தில் காசு கொடுத்து எடுத்த மீன் அவருடையது. அந்த மீனை விற்கத்தான் அவர் போகிறார். ஆகவே முதல் வாசல் அவருக்குத் திறந்தே இருக்கிறது. இரண்டாவது வாசலில்தான் சிக்கல். 2007-இல் சொல்லேட்டி பாரதம்மா வழக்கில், சரக்கின் சொந்தக்காரருக்கான பாதுகாப்பு அவர் கேபினில் பயணித்தால்தான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் மேலேயோ பின்பாடியிலோ உட்கார்ந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நம் வழக்கில் இதன் விளைவைப் பாருங்கள். ஒரே கரை, ஒரே ஏலம், ஒரே வண்டி. கேபினில் இருந்தவர் குட்டியானையின் காப்பீட்டு நிறுவனத்திடம் தன் காயத்துக்கு இழப்பீடு பெறலாம். பின்னால் இருந்த மூவருக்கும் அதே நிறுவனம் கைவிரிக்கும். கேபினில் யார் உட்கார்வது என்பதை அந்தப் பெண்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? வயதில் மூத்தவர், அல்லது அன்று உடம்பு சரியில்லாதவர். இப்படி ஒருவர் மேல் ஒருவர் காட்டும் அக்கறை ஒரு குடும்பத்தின் இருபது லட்சத்தைத் தீர்மானிப்பது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து. ஆனால் சட்டம் இன்று இப்படித்தான் நிற்கிறது. வழக்கை அதற்கேற்பத்தான் கட்ட வேண்டும்.

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கை என்ற வரியை முதலில் பாருங்கள். இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் டிரைவரையும் சேர்த்து இரண்டு என்றுதான் இருக்கும். காப்பீட்டுப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் பிரீமியம் பிரித்துக் காட்டும் அட்டவணையும் இருக்கும். அதில் டிரைவர், கிளீனர் தவிர, கட்டணம் செலுத்தாத பயணிகளுக்கான பொறுப்பு என்று தனியாகப் பணம் கட்டியிருக்கிறதா, எத்தனை பேருக்கு என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் மனு எழுதிவிட்டு, மூன்று வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் கண்டுபிடிக்கிற வழக்குகள் உண்டு.

எஃப்.ஐ.ஆரில் விழுந்த ஒரு வாக்கியம்

புகார் கொடுத்தவர் சாலையோரக் கடைக்காரர். கவிழ்ந்து கிடந்த குட்டியானையைத்தான் அவர் பார்த்தார். வேன் அதற்குள் போய்விட்டது. எனவே எஃப்.ஐ.ஆரில், லோடு வண்டி டிரைவர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து கட்டுப்பாட்டை இழந்து கவிழ்த்தார் என்று வந்துவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் வழக்கு, எதிரி லோடு வண்டி டிரைவர் மட்டும். அதே முதல் தகவலில், ‘வண்டியில் பயணம் செய்த பெண்கள்’ என்று ஒரு சொற்றொடர். மீனைப் பற்றிப் பேச்சே இல்லை.

இந்த இரண்டும் சேர்ந்தால் நம் மனுதாரருக்குக் கதவு முழுக்க அடைபடும். பொறுப்பு லோடு வண்டியின் மேல். லோடு வண்டியின் காப்பீடோ பின்னால் உட்கார்ந்தவருக்கு இல்லை. தீர்ப்பு வந்தாலும் வண்டி ஓனரின் மேல்தான் வரும். அந்த ஓனர் யார்? பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரர்; சில சமயம் மாமன் முறை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 174-ஆவது பிரிவின்படி கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்றாலும், அவருடைய வண்டியையும் வீட்டையும் ஜப்தி செய்து வாழ்க்கை நடத்த முடியுமா? ஊரில் அந்த வழக்கு அதற்கு முன்பே பஞ்சாயத்தில் முடிந்துவிடும்.

இங்கே வழக்கு பிழைத்தது மூன்று தாள்களால். முதலாவது, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. அதில் குட்டியானைக்கு ஏற்பட்ட சேதங்களின் பட்டியலில், இடப்பக்கச் சேதம் எல்லாம் எழுதிய பிறகு, கடைசியில் ஒரு வரி: வலது பின்பாடியில் நசுங்கலும் வெள்ளை பெயிண்ட் உரசலும். தானாக இடப்பக்கம் கவிழ்ந்த பச்சை நிற வண்டிக்கு வலப்பக்கம் வெள்ளை பெயிண்ட் எங்கிருந்து வரும்? இரண்டாவது, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும். சக்கரத் தடம் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமே தொடங்கி மண்ணில் இறங்கியதை வரைபடம் காட்டியது. மூன்றாவது, பின்னால் வந்த லாரி டிரைவர் கைபேசியில் குறித்து வைத்த வேன் நம்பர். இந்த நம்பரைக் கொண்டு, மருத்துவமனையில் இருக்கும்போதே மனுதாரரின் தம்பி காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து ரசீது வாங்கினார். விசாரணை அதிகாரி லாரி டிரைவரிடம் வாக்குமூலம் பதிந்து, வேன் டிரைவரையும் எதிரியாகச் சேர்த்தார்.

ஒருவேளை அவர் சேர்க்காமல் விட்டிருந்தாலும் வழக்கு செத்திருக்காது. எஃப்.ஐ.ஆரும் குற்றப்பத்திரிகையும், இழப்பீட்டை முடிவு செய்யும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பது 2009-இல் பிம்லா தேவி வழக்கில் சொல்லப்பட்ட அளவுகோல். ஆனால் வேன் நம்பர் கிடைக்காமல் போயிருந்தால்? அப்போது அடையாளம் தெரியாத வண்டி மோதிய வழக்குகளுக்கான 161-ஆவது பிரிவுத் திட்டம்தான் மிச்சம். உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். ஒரு கைபேசியில் இருந்த வண்டி நம்பர் இருபது லட்சத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் நடுவே நின்றது.

ஆஸ்பத்திரியில் எழுதப்படும் முதல் வரி

எல்லா ஆவணங்களுக்கும் முந்தியது ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டு நகல். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்ததும், எப்படி அடிபட்டது என்று பணியில் இருக்கும் மருத்துவர் கேட்டு இரண்டு வரி எழுதுவார். கூட வந்தவர் பதற்றத்தில் சொல்வதுதான் அதில் ஏறும். ‘வண்டியில் இருந்து விழுந்துட்டாங்க’ என்றால் ‘இருசக்கர வாகனம்’ என்று பதிவாகிவிடுவதும் உண்டு. காப்பீட்டு நிறுவன வழக்கறிஞர் முதலில் கேட்பது இந்த நகலைத்தான். அதனால் நோயாளியோடு போகிறவர் அங்கேயே, அந்த நேரமே, நடந்ததை நடந்தபடி முழுதாகச் சொல்ல வேண்டும்: எந்த வண்டி, எங்கே, எதிரே எந்த வண்டி, கூடையோடு சந்தைக்குப் போகும்போது. இல்லாததைச் சேர்க்கக் கூடாது. இருப்பதை விடவும் கூடாது.

சிகிச்சைச் செலவைப் பற்றிச் சுருக்கமாக. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. 2025 மே முதல் மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் வந்துள்ளது; ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. அரசு கட்டிய தொகையை இழப்பீட்டில் மறுபடி கேட்க முடியாது. மற்றபடி கைக்காசாகச் செலவழித்த ஒவ்வொரு பில்லையும், மதுரைக்குப் போன ஆம்புலன்ஸ் ரசீது வரை, எடுத்து வைக்க வேண்டும்.

ஆறு மாதமும் இரண்டரை லட்சமும்

2022 ஏப்ரல் 1 முதல் 166(3) பிரிவு விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போடச் சொல்கிறது. அந்தக் காலக்கெடுவின் செல்லுபடி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு ஒன்று வந்தது: ஆறு மாதம் தாண்டிவிட்டது என்ற காரணத்துக்காக மட்டும் மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம். ஐந்தாம் மாதத்துக்குள் மனு தாக்கலாகிவிட வேண்டும்; மருத்துவச் சான்று பிறகு வரட்டும், அதைச் சாட்சிய நேரத்தில் சேர்க்கலாம்.

இதற்கிடையே காவல்துறை செய்ய வேண்டிய வேலையும் உண்டு. முதல் விபத்து அறிக்கை 48 மணி நேரத்துக்குள் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் போக வேண்டும். காயம்பட்டவருக்கு அவருடைய உரிமைகளைச் சொல்லும் படிவத்தைப் பத்து நாளில் கொடுக்க வேண்டும். விரிவான விபத்து அறிக்கை 90 நாளில் வர வேண்டும். அந்த விரிவான அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை நம்பி உட்காராமல் தனி மனு போடுவதே பாதுகாப்பு. அறிக்கையில் இல்லாத மீன்கூடையை மனுவில்தான் கொண்டுவர முடியும்.

மனு போட, குடும்பம் குடியிருக்கும் இடத்தை எல்லைக்குள் கொண்ட தீர்ப்பாயமே போதும். வேன் கோயம்புத்தூர் பதிவாக இருந்தாலும் கோயம்புத்தூர் போக வேண்டியதில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தள்ளிப்போடுவதுதான் இந்தக் கரையில் அதிகம் நடக்கிறது. சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் 12-ஆவது பிரிவில், பெண் என்றாலே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.

இந்தக் கட்டத்தில் வருகிற பொறி ஒன்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். விபத்துச் செய்தி போனதும் காப்பீட்டு நிறுவனத்தின் அதிகாரி வந்து, யார் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம், 164-ஆவது பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் தருகிறோம் என்று சொல்லக்கூடும். உயிரிழப்பானால் ஐந்து லட்சம். வீட்டில் அடுப்பு எரியாத நேரத்தில் இரண்டரை லட்சம் பெரிய தொகைதான். ஆனால் 149-ஆவது பிரிவின் வழியில் அந்தத் தொகையை ஏற்றுக் கையெழுத்திட்டால், 166-இல் போட்ட மனு அத்தோடு காலாவதியாகிவிடும். கீழே வரும் கணக்கைப் பார்த்துவிட்டு எவரும் அந்தக் கையெழுத்தைப் போடட்டும். லோடு வண்டி ஓனர் தரப்பு ஊர்க் கூட்டத்தில் 50,000 கொடுத்து, ‘முழு நஷ்டஈடும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி வாங்கும் வெள்ளைத்தாளும் அப்படித்தான். மருத்துவச் செலவுக்கு உதவி என்று கொடுத்தால் வாங்கலாம். ஆனால் தாளில் ‘மருத்துவ உதவிக்காக’ என்றே எழுத வேண்டும்.

எதிர்மனுதாரர்கள் நால்வர்

மனுவில் நால்வரையும் சேர்த்தார்கள்: லோடு வண்டி ஓனர், அதன் காப்பீட்டு நிறுவனம், வேன் ஓனர், அதன் காப்பீட்டு நிறுவனம். இங்கேதான் வழக்கின் முதுகெலும்பு.

பின்னால் உட்கார்ந்த பெண் லோடு வண்டிக்கு உள்ளே இருந்தவர். வேனைப் பொறுத்தவரை அவர் வெளியே இருந்தவர், முழுக்க முழுக்க மூன்றாம் நபர். கேபினா பின்பாடியா, மீன் யாருடையது, இருக்கை எத்தனை என்ற எந்தக் கேள்வியும் வேன் காப்பீட்டு நிறுவனத்துக்கு உதவாது. இரண்டு டிரைவர்களும் சேர்ந்து ஒருவருக்குக் காயம் விளைவித்தால் அது கூட்டுக் கவனக்குறைவு. காயம்பட்டவர் இருவரில் யாரிடமிருந்தும் முழுத் தொகையையும் வசூலிக்கலாம் என்று 2015-இல் கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வேன் டிரைவரின் பங்கு 70 சதவீதம், லோடு டிரைவரின் பங்கு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் பிரித்தாலும், மனுதாரர் 70-உடன் நிற்க வேண்டியதில்லை. நூறையும் வேன் நிறுவனத்திடம் வாங்கலாம். மீதி 30-ஐ லோடு தரப்பிடம் வசூலிப்பது வேன் நிறுவனத்தின் பாடு.

வேன் நிறுவனம் இதை ஒரு சொல் மாற்றி உடைக்கப் பார்க்கும்: பங்களிப்புக் கவனக்குறைவு. சரக்கு வண்டியின் பின்னால் உட்கார்ந்ததே மனுதாரரின் தப்பு, அதனால் 25 சதவீதம் கழிக்க வேண்டும் என்று. இருசக்கர வண்டியில் மூன்று பேர் போனதைக் காட்டிக் கழிக்கக் கேட்ட முகமது சித்திக் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே பொருந்தும்: விதிமீறல் இருந்தால் மட்டும் போதாது, அந்த விதிமீறல்தான் விபத்துக்கோ காயத்துக்கோ காரணம் என்று நிரூபிக்க வேண்டும். வேன் எதிர்ப்பக்கம் ஏறி வந்ததற்கு, கூடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது காரணமில்லை. காயத்துக்கு அது காரணமா என்பதில் மட்டும் நிறுவனத்துக்குச் சற்று இடமுண்டு. அதற்கு மனுதாரர் தரப்பு தயாராக இருக்க வேண்டும்.

லோடு வண்டிக் காப்பீட்டு நிறுவனத்தையும் விட்டுவிடக் கூடாது. அது இரண்டு வாதங்களை வைக்கும். ஒன்று, டிரைவரிடம் சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி இல்லை, இலகு ரக உரிமம்தான் இருக்கிறது. இந்த வாதம் இப்போது எடுபடாது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை இலகு ரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு ரம்பா தேவி வழக்கில் தீர்த்துவிட்டது. இரண்டாவது, பின்பாடிப் பயணி. இதில் நிறுவனம் ஜெயிக்கலாம். ஆனாலும் முதலில் நிறுவனம் கட்டட்டும், பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சரக்கு வண்டிப் பயணிகளுக்கே 2019-இல் அனு பன்வரா வழக்கில் உத்தரவிடப்பட்டது. உரிமையாகக் கேட்க முடியாவிட்டாலும், மனுவிலேயே மாற்று நிவாரணமாக அதைக் கேட்டு வைக்க வேண்டும்.

‘கூடைக்குத்தான் வாடகை’

குறுக்கு விசாரணையில் அதிகம் நேரம் எடுத்தது இந்த இடம்தான்.

“ஆளுக்கு எவ்வளவும்மா குடுத்தீங்க?”

“ஆளுக்கு இல்லைங்கய்யா. கூடைக்கு நாப்பது ரூபா.”

“கூடை இல்லாம வந்தா ஏத்திக்குவாரா?”

“கூடை இல்லாம நாங்க எதுக்குங்கய்யா போகப் போறோம்?”

கேள்வியின் கூர் இதுதான்: ஆளுக்குக் கட்டணம் என்று வந்துவிட்டால் சரக்கு வண்டி பயணிகள் வண்டியாகிறது, பாலிசி நிபந்தனை மீறல் ஆகிறது. கூடைக்கு வாடகை என்றால் அது சரக்குக் கட்டணம். சொந்தக்காரர் கூடப் போகிறார், அவ்வளவே. நடந்த உண்மை அவருக்கு உதவுகிறது. ஆனால் அதைத் தாளில் நிரூபிக்க ஏலத்தரகரின் சிட்டை நோட்டு வேண்டியிருந்தது. அன்றைய தேதியில் மனுதாரர் பெயருக்கு நேரே இரண்டு கூடை, விலை, பாக்கி என்று பென்சிலில் எழுதிய ஒரு வரி. கரையில் ஏலம் எடுக்கும் பெண்கள் தரகர் நோட்டின் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். பென்சில் எழுத்து ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

அந்த நோட்டு வருமானத்துக்கும் உதவியது. சம்பளச் சீட்டு இல்லாத தெருவோர வியாபாரியிடம் வருமான ஆதாரம் கேட்பது சரியல்ல என்பது 2014-இல் சையத் சாதிக் வழக்கின் சாரம். அங்கே கால் இழந்தவர் ஒரு காய்கறி வியாபாரி. இருந்தாலும் வெறுங்கையோடு போனால் தீர்ப்பாயம் குறைவாகத்தான் வைக்கும். மீனவர் நல வாரிய அட்டை, மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டப் பாஸ் புத்தகம், மகளிர் குழுக் கடன் தவணைப் பதிவு எல்லாம் தொழிலை நிரூபிக்கும். தவணையாக மாதம் எவ்வளவு கட்டினார் என்பதே எவ்வளவு சம்பாதித்தார் என்பதற்கு ஒரு சாட்சி.

மீன்பிடித் தடைக்காலத்தைக் காட்டி வருமானத்தைக் குறைக்கச் சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தொழில் இல்லை, அதனால் பத்து மாத வருமானம்தான் என்று. தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகும் கரைவலையும் ஓடுகின்றன, வரத்து குறைந்தால் விலை ஏறுகிறது, பல பெண்கள் அந்த இரண்டு மாதமும் கருவாடு விற்கிறார்கள். இதைத் தெரிந்த சாட்சி ஒருவர் ஒரே ஒரு பத்தியில் சொன்னால் வருடக் கணக்கு பன்னிரண்டு மாதமாகவே நிற்கும்.

முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது

உலோகத் தட்டு வைத்து அறுவை செய்து, எலும்பு கூடிவிட்டது. மருத்துவக் குழு கொடுத்த சான்று: வலது காலில் 35 சதவீத நிரந்தர ஊனம். காப்பீட்டு நிறுவனம் உடனே சொன்னது, இது ஒரு காலின் சதவீதம், முழு உடலுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12. இந்த வாதம் கேட்க நியாயமாகத் தோன்றும். பல வழக்குகளில் இதோடு முடிந்தும் போகிறது.

முடியக் கூடாது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி வேறு. உடலில் எத்தனை சதவீதம் என்பதோடு நிற்காமல், அந்த ஊனம் அந்த ஆளின் அந்தத் தொழிலில் எவ்வளவு சம்பாத்தியத்தை வெட்டியது என்று பார்க்க வேண்டும். கை போன தச்சருக்கும் கை போன எழுத்தருக்கும் இழப்பு ஒன்றல்ல.

ஆகவே மருத்துவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டது சதவீதத்தை அல்ல. முழங்கால் எவ்வளவு மடங்கும்? 70 டிகிரி. தரையில் சம்மணமிட முடியுமா? முடியாது. குந்த முடியுமா? முடியாது. தலையில் இருபது கிலோ சுமந்து நடக்க முடியுமா? கூடாது. சும்மாட்டை வைத்துக் கூடையைத் தலைக்கு ஏற்றும்போது உடம்பு ஒரு நொடி முழுப் பாரத்தையும் ஒரு காலில் வாங்குகிறது. சந்தையில் அருவாமனைக்கு முன் தரையில் உட்கார்ந்துதான் மீன் வெட்டுகிறார்கள். அருவாமனையின் கட்டையைக் காலால் அமுக்க வேண்டும். இந்த மூன்று அசைவுகளும் இல்லாமல் மீன் வியாபாரம் ஏது? இந்தச் சித்திரம் பதிவில் வந்த பிறகு, தொழில் இழப்பை 50 சதவீதமாக வைக்கக் கேட்பதில் மிகையில்லை. மேசை போட்டு உட்கார்ந்து கொஞ்சம் விற்கலாம் என்பதால் நூறு கேட்கவில்லை.

கணக்கு இப்படி. மாத வருமானம் 14,000 ரூபாய். 40-இலிருந்து 50 வயதுக்குள் சுயதொழில் என்பதால் எதிர்கால உயர்வு 25 சதவீதம் சேர்த்து 17,500. இந்த உயர்வு விகிதம் 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பில் வந்தது. ஊன வழக்குகளுக்கும் உண்டு என்பதை 2020-இல் பப்பு தேவ் யாதவ் வழக்கு உறுதி செய்தது. வருடத்துக்கு 2,10,000. சர்லா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 41 முதல் 45 வயதுக்குப் பெருக்கு எண், அதாவது வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 14. ஆக 29,40,000. இதில் 50 சதவீதம் 14,70,000. நிறுவனம் சொன்ன 12 சதவீதமானால் 3,52,800. மருத்துவரிடம் சரியான கேள்வி கேட்டதற்கும் கேட்காததற்கும் வித்தியாசம் 11,17,200 ரூபாய்.

இதர இனங்கள்: கைக்காசு மருத்துவச் செலவு 86,000, ஆறு மாத வருமான இழப்பு 84,000, கூட இருந்து பார்த்தவருக்கு 36,000, போக்குவரத்து 15,000, சத்துணவு 15,000, வலி, வேதனை 1,00,000, வாழ்க்கை வசதி இழப்பு 75,000, தட்டை எடுக்கும் எதிர்கால அறுவைக்கு 60,000. கூட்டினால் 4,71,000. கூடப் பார்த்தவர் மகள்தான், அவருக்குக் கூலி கொடுக்கவில்லையே என்று அந்த இனத்தை விட்டுவிடுவார்கள். மகள் கல்லூரியைவிட்டு நின்ற மூன்று மாதத்துக்கும் விலை உண்டு, கேட்க வேண்டும்.

மொத்தம் 19,41,000. மனு போட்ட நாளிலிருந்து ஆண்டுக்கு 7.5 சதவீத வட்டி, எதிர்கால அறுவைச் செலவைத் தவிர்த்து. மூன்று ஆண்டு ஓடியிருந்தால் வட்டி 4,23,225. சேர்த்து 23,64,225 ரூபாய்.

தீர்ப்புக்குப் பிறகு

நிறுவனம் 30 நாளில் பணத்தைக் கட்ட வேண்டும். மேல்முறையீட்டுக்கு 90 நாள். ராமநாதபுரம் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். இடையில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால், வட்டியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மூன்று வருடத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் அங்கே முடித்துக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும். இழப்பீட்டை நேரடியாகக் காயம்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே மாற்றும் முறையை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. மனுதாரர் பெயரில் தனிக் கணக்கு இருக்க வேண்டும், அதன் பாஸ் புத்தக நகல் தீர்ப்பாயக் கோப்பில் இருக்க வேண்டும். மகன் கணக்கோ தரகர் கணக்கோ வேண்டாம்.

வேன் காப்பீட்டு நிறுவனம் முழுத் தொகையும் கட்டிய பிறகு, லோடு டிரைவரின் 30 சதவீதப் பங்குக்காக லோடு வண்டி ஓனர் மேல் திரும்பும். நால்வரும் ஒரே வழக்கில் இருந்ததால் புது வழக்குப் போடாமல் நிறைவேற்று மனுவிலேயே அதைக் கேட்கலாம். லோடு வண்டியின் காப்பீட்டு நிறுவனம் கட்டுமா, ஓனரே கட்ட வேண்டுமா என்ற சண்டை அங்கே நடக்கும். அந்தச் சண்டையில் மனுதாரர் கட்சியில்லை. பணத்தில் 60,000 ரூபாயை மட்டும் எடுத்து வைத்துவிட்டு மீதியை நிரந்தர வைப்பில் போட்டிருக்கிறார். தட்டை எடுக்க மதுரைக்கு வரச் சொல்லி மருத்துவர் தேதி கொடுத்திருக்கிறார்.